மொய் உறையும் குழம்புக் கரண்டியும்: பினாங்கு வழக்கங்களின் பின்னணி

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறையாக மலேசியாவின் பினாங்குக்கு வரும் உறவினர்கள், கார் பாலத்தில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "என்னப்பா, ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஓட்டுறாங்க?" 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் அது. காலை ஷிப்டுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளை நோக்கி மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்களில் பலர் அந்தக் கோலத்தில்தான் இருப்பார்கள். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் நெஞ்சை மூடியிருக்கும். ஜிப் முதுகில் திறந்து கிடக்கும். கடல் காற்று முகத்துக்கு நேராக அடிக்கிற இடத்தில் ஜாக்கெட்டை நேராகப் போட்டு ஜிப்பைத் திறந்துவிட்டால் அது உப்பிக்கொள்ளும். பூட்டினால் புழுங்கிச் சாக வேண்டும். திருப்பிப் போட்டால் நெஞ்சில் காற்று அடிக்காது, கையில் வெயில் படாது, முதுகு வேர்க்காது, வேலைச் சட்டையில் புழுதியும் பூச்சியும் ஒட்டாது. மழை நின்றதும் ஒரே இழுப்பில் கழற்றிக் கூடைக்குள் திணிக்கலாம். இதில் மதமும் இல்லை, இனமும் இல்லை. வெக்கையும் காற்றும் மட்டும்தான்.

கட்டுத் தேநீரும் இதே வகை. கொதிக்கிற தேத்தாரேக் தேநீரைக் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை நைலான் கயிற்றால் கட்டி நீட்டினால் வந்தவர்கள் வாங்கவே பயப்படுவார்கள். கட்டுவதிலும் இரண்டு முறை உண்டு. ஒரு ஓரமாகக் கட்டி உறிஞ்சுகுழல் செருக இடம் விடுவது, போகிற வழியிலேயே குடிக்கிறவருக்கு. இறுக்கி முடிச்சுப் போடுவது, வீட்டில் கோப்பையில் ஊற்றிக்கொள்கிறவருக்கு. கயிற்று வளையத்தை மோட்டாரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனால் ஒரு சொட்டுச் சிந்தாது. கடைகளில் பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுப்பதை 2011-லேயே நிறுத்திய மாநிலம் பினாங்கு. ஆனாலும் தேநீர்ப் பை மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டே இருக்கிறது.

காரை இன்னொரு காரின் குறுக்கே நிறுத்திவிட்டுப் போவதைப் பார்த்தால் கோபம் வரும். வர வேண்டியதும்தான். ஆனால் அடுக்குமாடிகளின் நெரிசலான வண்டி நிறுத்துமிடங்களில் அதற்கென்று ஒரு நாகரிகம் வளர்ந்துவிட்டது. குறுக்கே நிறுத்துகிறவர் கைப்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வந்து, அந்தக் காரை முன்னும் பின்னும் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வார். காவலாளியோ வழியில் போகிற யாரோ ஒரு கை கொடுப்பார்கள். முன்கண்ணாடிக்குள் கைப்பேசி எண் எழுதிய அட்டை இருக்கும். வண்டியை நிறுத்தியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிற புதுக் கார்கள் பெருகப் பெருகத் தள்ளுகிற வழக்கம் மங்கி வருகிறது. அட்டை மட்டும் நிலைத்துவிட்டது.

இவற்றையெல்லாம் வெயிலையும் மழையையும் இட நெருக்கடியையும் வைத்தே விளக்கிவிடலாம். மலேசியாவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கிறவர்களை நிஜமாகக் குழப்புவது வேறு. வெவ்வேறு மதத்துக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும்போது யாரும் எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிற விதிகள் அவை. சுற்றுலாத் துறை இதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைத்திருக்கிறது. ஜார்ஜ் டவுனில் 1801-ல் எழும்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818-ன் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833-ன் குவீன் வீதி மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் கருணைத் தாய் கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருப்பதைக் காட்டி "நல்லிணக்க வீதி" என்றே அழைக்கிறார்கள். படம் எடுக்க நல்ல இடம். ஆனால் கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மனிதர்கள் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. இங்கே வேலை செய்வது அதைவிட எளிமையான ஒன்று: வந்த விருந்தாளியை நாலு பேர் முன்னால் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது என்ற கூச்சம். வெளியூர்க்காரருக்கு விநோதமாகத் தெரிகிற பாதி வழக்கங்களை இந்த ஒரு சாவியை வைத்தே திறந்துவிடலாம்.

சாப்பாட்டிலிருந்து பார்ப்போம். நாசி கண்டார் பினாங்கின் அடையாளம். தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல ஒரு தடியின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் பிறந்தது. இன்றைக்கும் பல கடைகளின் முன்னோர்கள் இராமநாதபுரத்துக்காரர்களும் கடையநல்லூர்க்காரர்களும்தான். அங்கே சோற்றின்மேல் ஒரு குழம்பு ஊற்றுவது மரியாதையில்லை. கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீனில் ஒன்று, கணவாயில் ஒன்று, மாட்டிறைச்சியில் ஒன்று என்று தட்டு மூழ்குகிற வரை ஊற்றுவார்கள். வெள்ளம் போல ஊற்றச் சொல்லி "பஞ்சிர்" என்று கேட்பவரும் உண்டு. சென்னையிலிருந்து வந்தவர் இதைப் பார்த்து மூக்கின்மேல் விரலை வைப்பார். சாம்பாரில் ரசம் கலந்தாலே பொறுக்காத நாக்கு அது.

இப்போது அந்த வரிசையில் ஒரு இந்து நிற்கிறார். தட்டை நீட்டும்போதே, "அண்ணே, டாகிங் படாம" என்பார். டாகிங் என்றால் மாட்டிறைச்சி. அவ்வளவுதான். ஊற்றுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மாட்டிறைச்சிச் சட்டியைத் தாண்டி, அதில் விழாத கரண்டியாகப் பார்த்து எடுத்து மற்றவற்றை ஊற்றுவார். முகம் சுளிப்பதில்லை, விளக்கம் கேட்பதில்லை. அடுத்து நிற்கிற சீனப் பெண்மணியும் மலாயில் அதையே சொல்லலாம். கருணைத் தாயான குவான் யின்னை வணங்குகிற சீனக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அவர்களுக்குப் பின்னால் நிற்கிற மலாய்க்காரர் எல்லாக் குழம்பையும் கேட்பார். மூன்று பேரும் ஒரே அலுவலகத்திலிருந்து ஒன்றாக வந்தவர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் கடைக்கு, வந்ததற்கே காரணம் இதுதான்: சீனர் கடையில் பன்றி இருக்கலாம் என்று மலாய்க்காரர் உட்கார மாட்டார். இங்கே மட்டும்தான் எவருடைய இலையிலிருந்தும் எதையாவது விலக்கி வைத்துக்கொண்டு எல்லாரும் உட்காரலாம்.

சீனர்களின் காப்பிக் கடையில் விதி வேறு. அங்கே போய் ஒரு தட்டு குவே தியாவ் நூடுல்ஸ் சொல்லிவிட்டுப் பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்து வைத்தால், கடைக்காரர் வந்து பக்கத்தில் நிற்பார். "தண்ணி என்ன?" பல கடைகளில், பானம் வாங்காவிட்டால் கூடுதல் கட்டணம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு இது பகல் கொள்ளை மாதிரி தோன்றும். ஆனால் அந்தக் கடையில் நூடுல்ஸ் விற்பவர் ஒருவர், சாத்தே சுடுபவர் இன்னொருவர். எல்லாரும் வாடகைக்கு இடம் பிடித்தவர்கள். மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் கடை முதலாளியுடையவை. அவர் விற்பது பானம் மட்டும்தான். ஒரு கோப்பை கோப்பி ஓ என்ற கடுங்காப்பி வாங்கினால் உட்கார்ந்த இடத்துக்கு வாடகை கொடுத்தாயிற்று.

இனி பணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்காரர் நிஜமாகத் தடுமாறுவது இங்கேதான்.

தீபாவளியன்று ஒரு மலேசியத் தமிழர் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வரிசையாக வந்து முறுக்கைக் கொறித்துவிட்டு, போகும்போது ஆளுக்கு ஓர் உறை வாங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே ஐந்து வெள்ளியோ பத்து வெள்ளியோ புது நோட்டாக இருக்கும். மலேசிய ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம். "தீபாவளிக்குக் காசு கொடுக்கிறதா?" என்று மதுரைச் சித்தப்பா கேட்பார். சீனப் புத்தாண்டுக்குத் திருமணமானவர்கள் மணமாகாதவர்களுக்குச் சிவப்பு உறையில் கொடுக்கிற அங்பாவ் இதன் மூலம். அதைப் பார்த்து மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை என்று வைத்துக்கொண்டார்கள். தமிழர்கள் ஊதா, ஆரஞ்சு என்று கோலமும் மயிலும் குத்துவிளக்கும் அச்சிட்ட உறைகளுக்கு வந்தார்கள். வங்கிகள் மூன்று பண்டிகைக்கும் மூன்று விதமாக உறை அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. பண்டிகைக்கு முன் புது நோட்டு மாற்ற வரிசை நிற்கும். கசங்கிய நோட்டைக் கொடுத்தாலும் செல்லும். ஆனால் கொடுப்பவருக்குக் கூச்சமாக இருக்கும்.

நிறத்தைவிடச் சிக்கலானது தொகை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு 51 அல்லது 101 வைப்போம். அந்த ஒரு வெள்ளி இல்லாமல் உறையை மூட அம்மாக்களுக்கு மனசு வராது. அதே 101-ஐச் சீனர் கல்யாணத்துக்குக் கொண்டுபோனால் தவறு. அங்கே மங்கலம் இரட்டைப் படையில்தான் இருக்கிறது. ஒற்றைப் படை இழவு வீட்டுக்கு உரியது. நாலும் ஆகாது, அது சாவை நினைவூட்டும் ஓசை. துக்க வீட்டுக்கு வெள்ளை உறையில் ஒற்றைப் படைத் தொகை. திரும்பும்போது ஒரு சிவப்பு நூலும் மிட்டாயும் கையில் தருவார்கள்; மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அலுவலகத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். யாருக்காவது அப்பா இறந்துவிட்டால், யாருக்காவது கல்யாணம் என்றால், அவரே வந்து மேசை மேசையாக வசூல் செய்து, தேவையானால் கையிலிருந்து ஒரு வெள்ளி போட்டோ எடுத்தோ தொகையைச் சரிசெய்து, சரியான நிறத்து உறையில் போட்டு எழுதி முடித்துவிடுவார். பதவி உயர்வுக்கு உதவாத திறமைதான். ஆனால் அவர் விடுப்பில் போனால் அந்தத் தளமே தவிக்கும்.

கொடுக்கிற விதமும் ஒவ்வொன்றும் வேறு. சீனர் கல்யாண விருந்து உணவகத்தில், பத்துப் பேர் உட்காருகிற வட்ட மேசையில் நடக்கும். எந்த உணவகம் என்று பார்த்து, ஒரு நாற்காலிக்கு என்ன செலவாகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அதற்குக் குறையாமல் வைக்கிறவர்கள்தான் அதிகம். அழைப்பிதழில் ஏழு மணி என்றிருந்தால் எட்டரைக்கு முதல் தட்டு வரும். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம் இதற்கு நேர் எதிர். தாமான் எனப்படும் குடியிருப்பின் சாலையையே மறித்துக் கூடாரம் போட்டிருப்பார்கள். பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை எப்போது வேண்டுமானாலும் போகலாம், சாப்பிடலாம், மணமக்களைப் பார்க்காமலே கிளம்பலாம். யாரும் குறை நினைக்க மாட்டார்கள். கிளம்பும்போது பெண்ணின் அப்பாவுக்குக் கை கொடுப்போம். அந்தக் கைக்குள் மடித்த நோட்டு இருக்கும். அவர் அதைப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையை நெஞ்சில் வைப்பார். அடுத்தவருக்கு அதே கை நீளும்.

இதை மொய் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மொய் எழுதுவது ஒரு கணக்குப் பதிவு. ஊர், பெயர், தொகை. சில இடங்களில் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். நாளை திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் அதில் ஒளிவுமறைவுக்கு இடமில்லை, அது ஒருவகையில் நேர்மையான ஏற்பாடும்கூட. அங்கே ஊரார் எல்லாரும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறார்கள். இங்கே வருகிறவர்கள் வேறு வேறு கணக்குக்காரர்கள். மேலாளரும் வருவார், கடைச் சிப்பந்தியும் வருவார், எதிர்வீட்டுச் சீனரும் வருவார். யார் எவ்வளவு என்று வெளியே தெரிந்தால் மூவருக்கும் சங்கடம். ஆகவே மலேசியத் தமிழர் கல்யாணத்திலும் உறைதான் புழங்குகிறது. ஒட்டிய உறையை மணமக்கள் கையிலோ பெட்டியிலோ போட்டுவிட்டு இறங்கிவிடுவோம்.

பண்டிகைக்கு வீட்டைத் திறந்துவைத்து எல்லாரையும் அழைக்கிற திறந்த இல்ல உபசரிப்பிலும் அதே தர்க்கம். தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வாங்குகிற தமிழ்க் குடும்பங்கள் முஸ்லிம் இறைச்சிக்கடையில்தான் வாங்குவார்கள். கூட்டம் பெரிதென்றால் ஹலால் சமையல்காரரிடமே ஒப்படைத்துவிட்டு, வீட்டுத் தட்டை எடுக்காமல் காகிதத் தட்டு வைப்பார்கள். மலாய் நண்பர் "இந்தத் தட்டில் முன்பு என்ன வைத்தீர்கள்?" என்று கேட்க மாட்டார். கேட்க வேண்டிய நிலைக்கே அவரைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகத்தான் காகிதத் தட்டு. சைவத்துக்குத் தனி மேசை. நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) கொடுத்தனுப்புகிற கெத்துப்பாட் என்ற அரிசிக் கட்டியோடு வருவது பெரும்பாலும் கோழி ரெண்டாங் கறிதான். தன் வீட்டுக்கு மாட்டிறைச்சியில் தனியாகச் செய்திருப்பார். அவருடைய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது அழகல்ல, நாலு முறுக்காவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்குப் போகும்போது இரண்டு ஆரஞ்சு கொண்டுபோவோம். கிளம்பும்போது அவர்கள் வேறு இரண்டு ஆரஞ்சைக் கையில் திணிப்பார்கள். கொண்டுபோனதும் இரண்டு, கொண்டுவந்ததும் இரண்டு. கணக்கு வாத்தியார் சிரிப்பார்.

விரலை நீட்டிக் காட்டாதது சின்ன விஷயம், ஆனால் வந்தவர்கள் கண்ணில் படும். திசை காட்ட மலாய்க்காரர்கள் வலது கையை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள். சுட்டுவிரல் குற்றம் சாட்டுகிற விரல். இங்கே பிறந்து வளர்ந்த தமிழருக்கும் கட்டைவிரலே முந்திக்கொள்ளும்.

இந்தக் கூச்சம் மனிதரோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மரத்தடியிலும் தொழிற்சாலை வாசலிலும் கட்டுமான இடங்களிலும் சிவப்போ மஞ்சளோ பூசிய சின்ன மாடங்கள் இருக்கும். உள்ளே சீனர்கள் வணங்குகிற டத்தோ கோங். மண்ணுக்கு முன்பே உரியவரான காவல் தெய்வம் என்பது நம்பிக்கை. அவர் மலாய்க்காரர். பல சிலைகளில் சொங்கோக் தொப்பி அணிந்திருப்பார், கையில் கிரீஸ் கத்தி இருக்கும். படையல் வெற்றிலை, பூ, சாம்பிராணி, சுருட்டு, மஞ்சள் சோறு. பன்றி இறைச்சி மட்டும் கூடவே கூடாது. மற்றச் சாமிகளுக்கு அதையே படைக்கிற அதே பக்தர்கள், இவருக்கு முன்னால் அதைச் சாப்பிட்டுவிட்டுக்கூட வருவதில்லை. மலாய் முஸ்லிம்கள் அந்த மாடங்களை வணங்குவதில்லை, அது அவர்கள் மார்க்கத்துக்கு ஆகாது. ஆனாலும் தெய்வத்தின் சாப்பாட்டு விதியைச் சீனர்கள் மீறுவதில்லை. தோட்டத்துக் காலத்திலிருந்து நிற்கிற நம் முனீஸ்வரர் மேடைகளிலும் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றுவார்கள். லாட்டரியில் போட நாலு நம்பர் கேட்டு வருகிறவர்களும் அதில் உண்டு. முனீஸ்வரரிடம் மட்டுமா? சாலையில் விபத்து நடந்தால், அடிபட்டவரைத் தூக்குகிற கையோடு காரின் எண்ணைக் குறித்துக்கொள்கிற கையும் இருக்கும். இந்த வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

தைப்பூசத்தில் இது உச்சத்துக்குப் போகும். 1894-ல் நகரத்தார் காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் ஜார்ஜ் டவுன் சாலைகளில் ஊர்ந்து வரும்போது, சீனக் கடைக்காரர்கள் வாசலைக் கழுவி, மேசை போட்டு, பழத்தட்டும் ஊதுபத்தியும் வைத்துக் காத்திருப்பார்கள். வாசலில் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும். ரதம் நெருங்கியதும் கூடையைக் கவிழ்த்து, குடும்பமே சேர்ந்து சாலையில் அடித்து நொறுக்கும். ஊர்வலம் முழுக்க உடைவது லட்சக்கணக்கில். பின்னாலேயே மண்வாரி இயந்திரம் வந்து ஓட்டை அள்ளிக்கொண்டு போகும். பழனியையும் திருச்செந்தூரையும் பார்த்தவர்களே இந்த அளவுக்குத் தேங்காயைப் பார்த்ததில்லை என்பார்கள். இவ்வளவு வீணாக்க வேண்டுமா என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்டிருக்கிறது, நியாயமான கேள்வி. ஆனால் உடைப்பவர்களுக்கு அது வேண்டுதல். பிள்ளை பிறந்ததற்கு, வியாபாரம் மீண்டதற்கு என்று ஒவ்வொரு குவியலுக்கும் கதை இருக்கும். தண்ணீர்மலையின் 513 படிகளில் காவடி எடுத்து ஏறுகிறவர்களிலும் சீனர்களைப் பார்க்கலாம்.

ஆவி மாதத்தில் நாம் பதிலுக்குச் செய்வது இதைவிட அமைதியானது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் தெருவோரத்தில் காகிதப் பணம் எரியும், தட்டில் சோறு இருக்கும், மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடக்கும், அவை வந்திருக்கிற ஆவிகளுக்கு. அங்கே போய் உட்கார்ந்துவிடுகிற சுற்றுலாப் பயணியைப் பார்த்து எல்லாரும் நெளிவார்கள். தமிழ்த் தாய்மார் பிள்ளையிடம் சொல்வது ஒன்றுதான்: "சாம்பலை மிதிக்காத, சுத்திப் போ." நம்புகிறார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். மாடி எண்ணில் 4-க்குப் பதில் 3A, 14-க்குப் பதில் 13A என்று எழுதிய வீட்டில் குடியிருந்துகொண்டே சிரிப்பார்கள்.

எல்லாம் இப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சுவரைப் பகிர்கிற வரிசை வீட்டில் பாத்திரம் போய்வந்தது. அடையாள அட்டை தட்டாமல் மின்தூக்கி நகராத அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரிவதில்லை. திறந்த இல்ல உபசரிப்பு மெல்ல வீட்டை விட்டு மண்டபத்துக்கும் அரசியல்வாதிகளின் கூடாரத்துக்கும் நகர்கிறது. அங்கே ஆயிரம் பேர் வரிசையில் நின்று பிரியாணி வாங்குகிறார்கள். அது விருந்து அல்ல, விநியோகம். ஹலால் பற்றிய எச்சரிக்கை முன்பைவிடக் கூடியிருப்பதால், கூப்பிட்டால் வருவார்களோ மாட்டார்களோ என்ற தயக்கமும் கூடியிருக்கிறது. கூச்சம் சில வேளை அழைக்காமலே இருக்கவும் செய்துவிடும். அதைக் குறையாகத்தான் சொல்ல வேண்டும்.

பணத்தில் வருகிற மாற்றம் இன்னும் சுவாரசியம். கல்யாண மண்டபங்களில் மேசைமேல் கியூஆர் குறி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். சீனப் புத்தாண்டு அங்பாவும் பெருநாள் காசும் கைப்பேசியிலேயே போகின்றன. வசதிதான், புது நோட்டுக்கு வரிசை நிற்க வேண்டாம். ஆனால் கைக்குள் மடித்துக் கொடுத்த நோட்டில் தொகையும் தெரியாது, பெயரும் தெரியாது. கைப்பேசியோ இரண்டையும், நேரத்தோடு சேர்த்துத் திரையில் காட்டிவிடுகிறது. மொய் நோட்டை விட்டு விலகி வந்தவர்கள், சுற்றி வந்து அதன் இன்னொரு வடிவத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போதைக்குப் பலர் இரண்டையும் வைத்துச் சமாளிக்கிறார்கள்: வர முடியாத தூரத்து உறவுக்குக் கியூஆர், நேரில் போகிற வீட்டுக்கு உறை. எந்த நிறத்து உறை, ஒற்றையா இரட்டையா என்று இன்னமும் அலுவலகத்தில் அந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.